ஸ்பீக்கர் தரவுத்தாளின் எண்களை எப்படி நம்புவது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ ஒரு மைக் செட் கடைக்குப் போய் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் இரண்டே கேள்விகளைத் திருப்பிக் கேட்பார்: எத்தனை வாட், நாலு ஓமா எட்டு ஓமா? கோயில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் ஒலி அமைப்பவருக்கு அந்த இரண்டு கேள்விகள் பெரும்பாலும் போதும். பெட்டி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. காயில், அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருள், எரிந்துபோன ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதே அளவில் இன்னொன்றை மாட்டி, அன்று மாலைக்குள் சத்தம் வரவைப்பதுதான் அவருடைய தேவை. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகப் புதிதாகப் பெட்டி செய்ய உட்காருகிறவருடைய நிலை வேறு. பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும், அதில் போர்ட் (தாழ்ந்த ஒலிக்குத் துணை செய்யும் குழாய்த் துளை) வைக்கலாமா கூடாதா, எந்த ஆம்ப்ளிஃபயர் இதற்கு ஈடு கொடுக்கும் என்ற கேள்விகளுக்கு வாட்டும் ஓமும் விடை தருவதில்லை. அந்த விடை, தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளை எந்த அளவுக்கு நம்பலாம், நம்புவதற்கு முன் அதை அதனுடைய எண்களைக் கொண்டே எப்படிச் சோதிக்கலாம் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

நம் பக்கத்துக் கடைகளில் ஸ்பீக்கர் என்றால் பெட்டி இல்லாத வெறும் கோனும் (கூம்பு) காந்தமும் சேர்ந்த பொருள். மரக்கூடு சேர்ந்தால் அது பாக்ஸ் அல்லது பெட்டி. வேலைக்கு வசதியான அந்த வழக்கையே இந்தக் கட்டுரையிலும் பின்பற்றுகிறேன்.

இன்று நாம் அறிந்திருக்கும் வடிவிலான ஸ்பீக்கரை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். காந்தப் புலத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளின் நுனியில் ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு, இரண்டையும் நடுவில் நிறுத்தும் நெகிழ்வான தாங்கிகள் என்ற அடிப்படை அமைப்பு அன்று முதல் இன்றுவரை மாறவில்லை. ஆனால் அதற்குப் பொருத்தமான பெட்டியைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கும் முறை வருவதற்கு மேலும் 36 ஆண்டுகள் ஆயின. அதுவரை தயாரிப்பாளர்கள் கொடுத்ததும் இஞ்ச், வாட், ஓம் ஆகிய மூன்றைத்தான். பெட்டியைத் தச்சரும் ஒலிப் பொறியாளரும் செய்து பார்த்தும் கேட்டுப் பார்த்தும் திருத்திக்கொண்டார்கள். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், போர்ட் வைத்த பெட்டியையும் அதிலுள்ள ஸ்பீக்கரையும் சேர்த்து ஒரு மின் வடிகட்டியைப் போலவே கணக்கிடலாம் என்று காட்டினார். ஆஸ்திரேலிய இதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரை, 1971இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் மறுபதிப்பான பிறகே உலகின் கவனத்துக்கு வந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1972, 1973ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தொடர் கட்டுரைகளில் அந்தக் கணக்கை மூடிய பெட்டிக்கும் போர்ட் பெட்டிக்கும் முழுமையாக விரித்தெழுதினார். தரவுத்தாள்களில் ‘தீல்-ஸ்மால் அளவுகள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் எண்கள் இந்த இருவருடைய உழைப்பின் பயன். இவற்றை வெளியிடாத தயாரிப்பாளர், 1961க்கு முன்பு கிடைத்த தகவலை மட்டுமே இன்றும் நம் கையில் கொடுக்கிறார் என்று கொள்ளலாம்.

அந்த எண்களில் பெட்டியைத் தீர்மானிப்பவை மூன்று. எஃப்எஸ் என்பது கோன் தன் இயல்பில் ஆடும் அதிர்வெண். ஊஞ்சலுக்கு அதன் கயிற்று நீளம் ஒரு கதியைக் கொடுப்பதுபோல, கோனுடைய எடையும் தாங்கிகளின் விறைப்பும் சேர்ந்து இந்தக் கதியைக் கொடுக்கின்றன. க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு. கோயில் மணியைத் தட்டிவிட்டு விட்டால் நெடுநேரம் ஒலிக்கும். கையால் பிடித்துக்கொண்டு தட்டினால் உடனே அடங்கும். முன்னது உயர்ந்த க்யூ, பின்னது தாழ்ந்த க்யூ. ஸ்பீக்கரில் அந்தக் கையின் வேலையைப் பெருமளவு செய்வது காந்தம். மூன்றாவதான விஏஎஸ், தாங்கிகளின் நெகிழ்வை லிட்டர் கணக்கில் சொல்வது: எத்தனை லிட்டர் காற்றை மூடிய கலத்தில் வைத்து அழுத்தினால் தாங்கிகளின் அதே விறைப்பு கிடைக்குமோ அத்தனை லிட்டர். லிட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதையே பெட்டியின் அளவாக எடுத்துக்கொள்வது, புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் செய்யும் பிழை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. எஃப்எஸ் 50 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 20 லிட்டர் என்று தாளில் எழுதிய ஓர் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் அதன் மொத்த க்யூ 0.707 ஆக இருந்தால் தாழ்ந்த சுரங்கள் மேடு பள்ளம் இல்லாமல் இறங்கும். 0.707ஐ 0.40ஆல் வகுத்து, வரும் விடையைத் தன்னாலேயே பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2.12 கிடைக்கும், 20 லிட்டரை அந்த எண்ணால் வகுத்தால் பெட்டி 9.4 லிட்டர். அந்தப் பெட்டிக்குள் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு 88 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதற்குக் கீழே ஒலி குறைந்துகொண்டே போகும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஸ்பீக்கர் தனக்குப் பொருத்தமாகப் போர்ட் பெட்டியை எதிர்பார்க்கிறது என்பது புலப்படும். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ் எனப்படும் மின்சார அடக்கத்தால் வகுத்துப் பார்த்தால் அதே முடிவு வேறு வழியில் கிடைக்கும். க்யூஇஎஸ் 0.45 என்றால் 50 வகுத்தல் 0.45 என்பது 111. விடை 50க்குக் கீழே இருந்தால் மூடிய பெட்டி, 100க்கு மேலே இருந்தால் போர்ட் பெட்டி, இடையில் இருந்தால் இரண்டும் ஆகலாம் என்பது பெட்டி கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழிகாட்டி.

இந்தக் கணக்கு எவ்வளவு எளிதில் தடம் மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். க்யூடிஎஸ் உண்மையில் 0.40க்குப் பதில் 0.50 என்று வைத்துக்கொண்டால், மற்ற எண்கள் மாறாமலே, பெட்டி 9.4 லிட்டரிலிருந்து 20 லிட்டராகிவிடுகிறது. தாளில் ஓர் எண் சற்றுப் பிசகினால் மரம் இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது. ஆகவே தாளை அப்படியே ஏற்றுக்கொண்டு ரம்பத்தை எடுக்கக் கூடாது.

தாளைத் தாளாலேயே சோதித்தல்

நேர்மையாக அளந்து எழுதிய தரவுத்தாளில் எண்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், ஏனென்றால் அவை தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரே கோன், ஒரே காந்தம், ஒரே சுருள் ஆகியவற்றைப் பல பக்கங்களிலிருந்து பார்த்து எழுதியவை. இதைச் சரிபார்க்க அளவுக் கருவி எதுவும் வேண்டாம், செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதலில் க்யூக்களைப் பார்க்கலாம். மின்சார அடக்கமான க்யூஇஎஸ்ஸையும் இயந்திர அடக்கமான க்யூஎம்எஸ்ஸையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் க்யூடிஎஸ் வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் க்யூஎம்எஸ் 3.6 என்றால் 0.45ஐ 3.6ஆல் பெருக்கி 4.05ஆல் வகுக்க, 0.40 வருகிறது. அடுத்தது ஒலித்திறன். எஃப்எஸ்ஸின் மும்மடியை விஏஎஸ் லிட்டரால் பெருக்கி, க்யூஇஎஸ்ஸால் வகுத்து, வரும் எண்ணை 100 கோடியால் வகுத்து 0.964ஆல் பெருக்கினால், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு ஒலியாகிறது என்ற விகிதம் கிடைக்கும். நம் ஸ்பீக்கருக்கு அது ஏறத்தாழ 0.0054, அதாவது நூற்றில் அரைப் பங்கு. மிச்சமெல்லாம் சுருளில் வெப்பமாகிறது. அந்த விகிதத்தை டெசிபலாக்கினால் ஒரு வாட், ஒரு மீட்டர் தொலைவில் 89.4 டெசிபல் என்று வரும். இதே தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 93 டெசிபல் என்று அச்சிட்டிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. இரண்டு டெசிபலுக்கு மேல் இப்படி முரண்படும் தாளை நான் ஒதுக்கிவிடுவேன், அந்தப் பெயர் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும்.

முரண்பாட்டுக்கு நேர்மையான காரணம் ஒன்றும் இருக்கலாம். பல தயாரிப்பாளர்கள் உணர்திறனை, அதாவது மேலே பார்த்த டெசிபல் எண்ணை, ஒரு வாட்டுக்குச் சொல்லாமல் 2.83 வோல்ட்டுக்குச் சொல்கிறார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அது இரண்டு வாட். ஆகவே நாலு ஓம் வகையின் தாளில் எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஸ்பீக்கர் உயர்ந்ததாகிவிடவில்லை, ஆம்ப்ளிஃபயரிடமிருந்து இரண்டு மடங்கு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் நாலு ஓமைத் தாங்குமா என்று பார்க்காமல் அந்த மூன்று டெசிபலுக்கு ஆசைப்பட்டால் அதன் ஐசி சூடாகிப் பாட்டே நின்றுபோகும்.

இன்னொரு சோதனை, எல்லாவற்றிலும் பயனுள்ளது என்று நான் கருதுவது, எஃப்எஸ்ஸை க்யூடிஎஸ்ஸால் வகுத்து வரும் எண்ணை வைத்துக்கொள்வது. புதிய ஸ்பீக்கரின் தாங்கிகள் விறைப்பாக இருக்கும். அதனால் எஃப்எஸ் தாளில் உள்ளதைவிடக் கூடுதலாகவும், விஏஎஸ் குறைவாகவும், க்யூ கூடுதலாகவும் அளவில் வரும். இந்த மூன்றும் ஒரே காரணத்தால் சேர்ந்து நகர்வதால் அவற்றின் விளைவுகள் பெட்டிக்குள் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. எஃப்எஸ் வகுத்தல் க்யூடிஎஸ் என்ற எண் அநேகமாக மாறுவதில்லை. மாறினால் தாங்கியில் குறை இல்லை, காந்தத்திலோ கோனின் எடையிலோ சுருளிலோ குறை இருக்கிறது என்று பொருள்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் பெற்ற ஒரு முத்திரை ஒட்டிய இரண்டு ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர்களை ஒரு கடையில் வாங்கினேன். தாளில் இருந்த எண்கள் மேலே சொன்ன எடுத்துக்காட்டின் எண்களேதான்: வகுத்து வருவது 125. வீட்டில் அளந்தபோது முதல் ஸ்பீக்கரில் எஃப்எஸ் 57, க்யூடிஎஸ் 0.46. பதறிப்போய் வகுத்துப் பார்த்தால் 124. தாங்கி மட்டும் புதுசு. 9.4 லிட்டர் பெட்டியிலேயே அதை மாட்டினாலும் மொத்த க்யூ 0.75ஐத் தாண்டவில்லை, காதுக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இரண்டாவது ஸ்பீக்கரும் 57 ஹெர்ட்ஸ்தான் காட்டியது, ஆனால் க்யூடிஎஸ் 0.71. வகுத்தால் 80. அதே முத்திரை, அதே கோன், பின்னால் வலுவிழந்த காந்தம். அதே பெட்டியில் அதன் க்யூ 1.15க்குப் போய், மத்தளமும் பேஸும் ஒன்றோடொன்று குழைந்து வீங்கி ஒலித்தன. எஃப்எஸ்ஸை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருப்பேன். கடையில் திருப்பிக் கொடுத்தபோது, பாடுகிறதே, பிறகு என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய வேலைக்கு அதுவே அளவுகோல்.

வாட், எக்ஸ்மேக்ஸ், வரைபடம்

வாட் எண்ணைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டேப் ரெக்கார்டர் காலத்தில் பிஎம்பிஓ என்ற பெயரில் கைப்பிடி அளவுப் பெட்டிக்கு ஆயிரம் வாட் போட்ட பழக்கம் வடிவம் மாறி இன்னும் தொடர்கிறது. ஒலிப் பொறியியல் கழகத்தின் தரமுறைப்படி இரண்டு மணி நேரம் இரைச்சல் சமிக்ஞை கொடுத்துச் சோதித்த எண்ணே ஒப்பிடத் தக்கது. ‘ப்ரோகிராம்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதன் இரு மடங்கு, ‘பீக்’ என்றால் நாலு மடங்கு. வீட்டுக்கு இவை எல்லாமே அதிகம்தான். தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறுகிறது. உரத்து நெடுநேரம் பாடி, சுருள் 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை ஏறத்தாழ 1.6 மடங்காகி, ஒலி நாலு டெசிபல் வரை தணிந்துவிடும். 300 வாட் தாங்கும் என்று எழுதியிருப்பது எரியாது என்பதற்கான உறுதி மட்டுமே. அந்த 300 வாட்டுக்குரிய ஒலி கிடைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

எக்ஸ்மேக்ஸ், அதாவது கோன் சீராக முன்னும் பின்னும் நகரக்கூடிய தூரம், வாட்டைவிட நூறு மடங்கு பயனுள்ள எண். ஒரு ஸ்தாயி கீழே அதே உரப்பில் ஒலிக்க வேண்டுமானால் கோன் நாலு மடங்கு தூரம் நகர வேண்டும் என்பதால், 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்த கோன் 40 ஹெர்ட்ஸில் நாலு மில்லிமீட்டர் நகர்கிறது. ஆனால் இந்த எண்ணை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். சுருளின் உயரத்திலிருந்து காந்த இடைவெளியின் உயரத்தைக் கழித்துப் பாதியாக்குவது பழைய, கண்டிப்பான முறை. அதனுடன் இடைவெளியின் ஒரு பகுதியைக் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. ஒலித் திரிபு பத்து விழுக்காட்டை எட்டும் இடத்தை அளந்து எழுதுகிறவர்களும் உண்டு. நார்வேயின் சீயாஸ் நிறுவனம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள முழுத் தூரத்தை எழுதுகிறது. அதை ஒரு பக்கத் தூரம் என்று எண்ணி வேறு நிறுவனத்தோடு ஒப்பிட்டால் சீயாஸ் இரண்டு மடங்கு சிறந்ததாகத் தோன்றும். அந்த நிறுவனத்தின் மீது இதில் குறை இல்லை, அவர்கள் எதை எழுதுகிறோம் என்பதைத் தாளிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அதிர்வெண் வரைபடத்தில் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைவிட, கோடு எப்படி வரையப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இடப்பக்க அச்சில் ஒரு கட்டத்துக்கு 10 டெசிபல் வைத்து, கோட்டை மழுக்கி வரைந்தால் எந்த ஸ்பீக்கரும் அமைதியான நதிபோல் தெரியும். சிறு நெளிவுகள், குறிப்பாக அலுமினியக் கோன்களில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எழும் கூர்மையான முகடு, வரைபடத்தில் அப்படியே தெரியும்படி வெளியிடுகிற தயாரிப்பாளர் நம்மை மதிக்கிறார். நேர் எதிரே அளந்த கோட்டுடன் 30 டிகிரி, 60 டிகிரி விலகி அளந்த கோடுகளும் இருந்தால் க்ராஸோவரை (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் மின்சுற்றை) எங்கே வைக்கலாம் என்று தெளிவாகும். இந்தக் கோடு பெரும்பாலும் 1.65 மீட்டருக்கு 1.35 மீட்டர் அளவுள்ள சர்வதேசத் தரப் பலகையில் பொருத்தி அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நம் பெட்டியின் முகப்பு 20 சென்டிமீட்டர்தான் அகலம். 115ஐ மீட்டர் கணக்கிலான அகலத்தால் வகுத்தால் 575 ஹெர்ட்ஸ் வரும். ஏறத்தாழ அந்த இடத்தை மையமாகக் கொண்டு, தாழ்ந்த ஒலிகள் பெட்டியின் பின்னாலும் பரவத் தொடங்கி, படிப்படியாக ஆறு டெசிபல் வரை முன்னால் குறைந்துவிடும். தாளில் நேராக இருந்த கோடு வீட்டில் மெலிந்த குரலாக வருவதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம், ஸ்பீக்கர் பழி ஏற்க வேண்டியதில்லை.

யாருடைய தாள்

இத்தனையையும் பார்த்த பிறகு, தயாரிப்பாளர்களை அவர்கள் வெளியிடும் தகவலைக் கொண்டு எடைபோடுவதே முறை என்று தோன்றுகிறது. 1950இல் தொடங்கிய நார்வேயின் சீயாஸ், 1970இல் தொடங்கிய டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக் ஆகியவை தம் ஒவ்வொரு வகைக்கும் முழுத் தாளை வெளியிடுகின்றன. விலையும் அதற்கேற்ப இருக்கிறது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து வரும் எஸ்பி அகூஸ்டிக்ஸ், வடிவமைப்பில் டென்மார்க் மரபைச் சேர்ந்தது, நடுத்தர விலையில் அதே அளவு விவரம் தருகிறது. அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ தொடக்கமே வீட்டில் கட்டுகிறவர்களுக்காக என்பதால் அளவுக் கோப்புகளையே பதிவிறக்கத் தருகிறார்கள். மேடை ஒலிக்கான ஸ்பீக்கர்களில் இத்தாலியின் பி அண்ட் சி, ஃபைட்டல் ப்ரோ, அமெரிக்காவின் எமினென்ஸ் ஆகியோருடைய தாள்களும் நல்ல தாள்களே, ஆனால் அவை உரப்புக்காகச் செய்தவை. உணர்திறன் உயர, எக்ஸ்மேக்ஸும் தாழ்ந்த சுரமும் குறைந்திருக்கும். நம் நாட்டில், டென்மார்க்கின் பீர்லெஸ் மரபிலிருந்து வந்த தொழிற்சாலை மும்பையில் இயங்கியது, அதன் ஸ்பீக்கர்கள் பழைய இந்தியப் பெட்டிகளில் இன்றும் கிடைக்கின்றன. அஹுஜா என்ற பெயர் 1940 முதல் திருவிழாக்களோடு சேர்ந்து நம் காதில் விழுந்துகொண்டிருப்பது; பொதுவெளியில் தொலைவுக்குக் கேட்பது அத்துறையின் நோக்கம், வீட்டறையின் நோக்கம் அதுவன்று.

பெயர் நிலைத்திருந்தாலும் பொருள் மாறியிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பீர்லெஸ், விஃபா, ஸ்கேன்ஸ்பீக் மூன்றும் ஒரு காலத்தில் ஒரே குழுமத்தின் கீழ் இருந்தன, பிறகு ஸ்கேன்ஸ்பீக் தனியே பிரிந்தது. அதே வகை எண் கொண்ட பழைய தாளும் புதிய தாளும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாளின் அடியில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். மிகவும் கண்டிப்பாக மேற்பார்வை செய்யப்பட்ட இடத்திலும் இந்த நகர்வு நடந்திருக்கிறது. பிபிசி நிறுவனம் 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பெட்டியில் கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 என்ற ஸ்பீக்கர் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஸ்பீக்கரின் குணம் முதலில் இருந்த அளவிலிருந்து நகர்ந்துவிட்டதால், 1980களின் பிற்பகுதியில் க்ராஸோவரையே புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

இரண்டு மழைக்கு நடுவே

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் இந்த மாவட்டத்துக்குத் தரவுத்தாளில் உள்ள ஒரு வரி மற்ற ஊர்களைவிட முக்கியம்: கோனும் சரவுண்டும் எந்தப் பொருளால் ஆனவை என்ற வரி. கோனின் விளிம்பைச் சுற்றியுள்ள மென்மையான வளையம் நுரையால் ஆனதாக இருந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூற்றையே அறுக்கும். ஒரு நாள் விரல் பட்டதும் பிசுபிசுவென்று உதிரும். ரப்பர் சரவுண்ட் நெடுங்காலம் தாங்கும். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நமக்கு இதில் ஒரு சிறு ஏமாற்றம் உண்டு, சரவுண்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது மரத்திலிருந்து வடியும் பால் அன்று, ஓசோனையும் வெயிலையும் தாங்கும்படி ஆலையில் செய்யும் செயற்கை ரப்பர். மேடை ஸ்பீக்கர்களில் வரும் பிசின் தடவிய துணிச் சரவுண்டும் நம் காற்றுக்கு நன்றாகவே நிற்கிறது.

பூச்சு இல்லாத காகிதக் கோன் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும், எஃப்எஸ் சற்று இறங்கும். பாலிப்ரொப்பிலீன் கோனுக்கு அந்தக் கவலை இல்லை. கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று காந்த இடைவெளியின் இரும்பில் துருவை வளர்த்துவிடும். அந்தத் துகள் சுருளில் உரசும் கரகரப்பைப் பலர் கோன் கிழிந்ததாக எண்ணி, கோன் மாற்றக் கொடுத்துவிடுகிறார்கள். உலோகப் பகுதிகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டா என்று தாளில் தேடுவது அங்கே வீண் வேலை ஆகாது. பெட்டிக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை எளிதில் அறுபடும் என்றாலும் ஈரத்தில் விளிம்பு ஊதிவிடும். பெரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிளைவுட்டில் ஐஎஸ் 303 முத்திரையின் ஈரம் தாங்கும் வகையையோ ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் வகையையோ வாங்கினால் கவலை குறையும். அயினிப் பலகை அழகானது, கதவுக்கும் நிலைக்கும் அதைவிட நல்ல மரம் தேட முடியாது. ஆனால் பருவத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் முழுப் பலகையால் காற்றுப் புகாத பெட்டி செய்வது தச்சருக்கே சோதனை.

சொந்தமாக அளத்தல்

தாள் இல்லாத ஸ்பீக்கரும், தாள் இருந்தும் ஐயம் தரும் ஸ்பீக்கரும் நம் கையில் வரும்போது அளப்பது ஒன்றே வழி, அது நினைப்பதுபோல் பெரிய வேலை இல்லை. முதலில் சில மணி நேரம், எஃப்எஸ்ஸுக்கு அருகிலுள்ள தாழ்ந்த ஒலியை மிதமாகக் கொடுத்துத் தாங்கிகளைத் தளரவிட வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் சுருளின் நேர்மின்தடை. ஒரு நம்பகமான மின்தடையைத் தொடராக வைத்து, கணினியின் ஒலி அட்டை வழியாக மின்மறுப்பு வளைவை (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் தடையின் வரைபடத்தை) எடுத்தால் எஃப்எஸ்ஸும் மூன்று க்யூக்களும் கிடைக்கும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைத் தானே செய்கிறது. ஸ்பீக்கரை மேசையில் கவிழ்த்து வைக்காமல், பின்புறமும் காற்று தாராளமாகப் போய்வரும்படி நிறுத்திப் பிடித்து அளக்க வேண்டும்.

விஏஎஸ்ஸுக்கு ஒரு சிறிய எடை வேண்டும். கோனின் நடுவில் எடையை ஒட்டி மறுபடியும் எஃப்எஸ்ஸை அளந்தால், அது எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து கோனின் எடையும், அதிலிருந்து தாங்கியின் நெகிழ்வும், அதோடு கோனின் பரப்பளவையும் சேர்த்தால் லிட்டரும் வரும். நம் எடுத்துக்காட்டு ஸ்பீக்கரில் 10 கிராம் ஒட்டினால் 50 ஹெர்ட்ஸ் 37.5 ஆக இறங்க வேண்டும், 50ஐ 37.5ஆல் வகுத்து வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்து, அதனால் 10ஐ வகுத்தால் கோனின் எடை 12.9 கிராம். வெளிநாட்டு விளக்கங்களில் இதற்கு நாணயத்தை ஒட்டச் சொல்வார்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வரால் ஆனவை. ஸ்பீக்கரின் காந்தம் அவற்றை இழுத்து, எடையோடு ஒரு விசையையும் சேர்த்துவிடும், அளவு முழுவதும் பொய்யாகும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, நகைக்கடைத் தராசில் பத்துக் கிராம் நிறுத்துக்கொண்டு, கோனின் நடுவைச் சுற்றி வளையமாக ஒட்டுவது நல்லது. நகைக்கடைக்காரர் சற்று வியப்பாகப் பார்ப்பார், ஆனால் மறுக்க மாட்டார்.

இந்த வேலை மிகவும் தேவைப்படுவது கோன் மாற்றிய ஸ்பீக்கருக்கு. நம் பக்கத்தில் காயில் எரிந்த ஸ்பீக்கரைத் தூக்கி எறிவதில்லை. கோனும் சுருளும் ஸ்பைடரும் (சுருளை நடுவில் நிறுத்தும் உள் தாங்கி) புதிதாக ஒட்டிக் கொடுக்கும் கைத்தேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலை சுத்தமான வேலை. ஆனால் புதுக் கோன் பழைய கோனைவிட இரண்டு கிராம் கூடுதலாக இருந்தாலோ, சுருள் ஒரு அடுக்குக் குறைவாகச் சுற்றியிருந்தாலோ, அதே காந்தமும் அதே கூடையும் (எல்லாவற்றையும் தாங்கும் சட்டகம்) இருந்தபோதும் அது வேறொரு ஸ்பீக்கர். தயாரிப்பாளரின் தாள் அதைப் பற்றிப் பேசவில்லை. இணையில் ஒன்றுக்கு மட்டும் கோன் மாற்றினால் இரண்டையும் அளந்து பார்த்த பிறகே ஒரே அளவுப் பெட்டிகளில் மாட்ட வேண்டும்.

அளந்த எண்களை எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ், நேர்மின்தடை என்ற வரிசையில் தேதியோடு காந்தத்தின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பது என் வழக்கம். கார்த்திகை கழிந்து ஈரம் தணிந்ததும் ஒரு முறை மீண்டும் அளந்து அதன் கீழே எழுதுகிறேன். மேலே சொன்ன முதல் ஸ்பீக்கரின் பின்னால் இப்போது நாலு வரிகள் இருக்கின்றன: 57இல் தொடங்கியது 52க்கு வந்து நிற்கிறது, வகுத்தால் வருவது இன்னும் 124தான்.